பொய்யைக் கண்டால் கத்தும் பெட்டி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. ஊத்துக்குளியில் வெண்ணெய் விற்ற வீட்டில் வளர்ந்தவள் நான். வாங்க வருகிறவர் விரலால் வழித்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவர் நீட்டுகிற நோட்டை என் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு பேரும் சிரித்த முகம் மாறாமல்தான் அதைச் செய்வார்கள். அதனால், நல்லூர் பனியன் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் அக்கா, "இந்தப் பெட்டி பொய் சொன்னாக் கண்டுபுடிச்சிருமுங்க" என்று சொன்னபோது நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

அது ஊசி பார்க்கும் மெஷின். குழந்தைத் துணியில் ஒடிந்த ஊசி இருந்துவிடக் கூடாது என்று வெளிநாட்டுக்காரர்கள் கண்டிப்புக் காட்ட ஆரம்பித்திருந்த காலம். தைத்த துணியை பெல்ட்டில் வைத்தால் பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். உள்ளே இரும்புத் துணுக்கு இருந்தால் பெட்டி கத்தும். அதை ஓட்டுவது என் வேலை. கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால்தான் டெய்லருக்குப் புது ஊசி.

பெட்டிக்குப் பொய் பிடிக்கும் வேலையைக் கொடுத்தது சூப்பர்வைசர் அக்காதான். ஒருநாள் நூல் வெட்டுகிற கட்டர் காணாமல் போனது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "கைய உள்ள உட்டுப்போட்டு, நான் எடுக்கலைன்னு சொல்லுங்க. பொய்யின்னா அது கத்தீரும்" என்றார். அயர்ன் போடுகிறவர் கையை விட்டதும் பெட்டி அலறியது. சனி தோஷத்துக்காக அவர் குதிரை லாட இரும்பில் செய்த மோதிரம் போட்டிருந்தது யாருக்கும் நினைவில்லை, அவருக்கே நினைவில்லை. மனுஷர் வெலவெலத்துப் போய் சோத்துப் பையிலிருந்து கட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதோடு பெட்டி சாமியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம் வைத்தார்கள். ஓவர்லாக் அடிக்கும் ஒருத்தி தன் வீட்டுக்காரரை ஒரு தரம் கூட்டிவரட்டுமா என்று என்னிடம் கேட்டாள். ஆனால் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். யார் என்ன சொன்னாலும் "பெட்டிகிட்ட வந்து சொல்லு" என்று ஆகிப்போனது. டீ டயத்தில்கூட ஒருத்தர் பேச்சை ஒருத்தர் நம்பவில்லை. சந்தேகமே பிறவிக் குணமாக இருந்த எனக்கே அது எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஊசியை ஒடித்தாள். டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் டெய்லர் ஆகியிருந்தாள். இரண்டு துண்டைக் கொண்டுவந்தாள், முனையைக் காணோம். காந்தத்தால் தரையெல்லாம் தடவினார்கள். அவள் தைத்த துணிக்கட்டு முழுவதையும் நான் பெட்டியில் விட்டேன், ஒரு சத்தமும் இல்லை. சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. முனை கிடைக்காவிட்டால் லாரி கிளம்பாது.

"துணியிலயும் இல்ல, தரையிலயும் இல்ல. நேத்தே ஒடைச்சிட்டு மறைச்சிருக்கற. அது ஏதோ அட்டைப் பொட்டிக்குள்ள போயிருச்சு," என்றார் சூப்பர்வைசர். "கைய உட்டுச் சொல்லு கண்ணு. கத்துச்சுன்னா இன்னியோட ஊட்டுக்குப் போயிக்கலாம்."

"ஏசப்பா மேல சத்தியமா இன்னைக்குத்தான் ஒடஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அவள் வலது கையை விட்டாள். பெட்டி கத்தியது. வளையலைக் கழற்றிவிட்டு மறுபடி விட்டாள். மறுபடியும் கத்தியது. அவள் அழ ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பெட்டியின் பக்கத்திலேயே நிற்கிறவள் நான், அதன் யோக்கியதை எனக்குத் தெரியும். "இடது கைய உட்டு, எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொல்லு" என்றேன். இரண்டு பிள்ளை பெற்றவள் அப்படியே சொன்னாள். பெட்டி கம்மென்று இருந்தது. "இப்ப வலது கை. வாயத் தொறக்காத." கத்தியது. ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள். காலையில் நான் கேட்டதற்கு, வெங்காயம் அரியும்போது பட்டது என்றிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். நகம் கருத்து வீங்கியிருந்தது.

"ஊசி ஏறிட்டுதுக்கா," என்றாள். "சொன்னா, கை நிதானம் இல்லன்னு பழையபடி கைமடிக்கப் போட்டுருவாங்க. நானே பிடுங்கிட்டேன். முனை உள்ள நிக்கும்னு நெனைக்கல." நகத்தில் ஊசி ஏறியவளை மெஷினை விட்டு இறக்கிவிடுவது அங்கே வழக்கம்தான்.

சூப்பர்வைசர் தன் வண்டியிலேயே எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போனார். டாக்டர் முனையை எடுத்துப் பஞ்சில் வைத்தார். "ரொம்ப வலிக்குதா" என்றுகூடக் கேட்காமல் சூப்பர்வைசர் பஞ்சுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அவள் இடது கையால் அதை எடுத்து மடக்கிக்கொண்டாள்.

"என் மெஷின் எனக்குத்தான்னு சொல்லுங்க."

"உனக்குத்தான் கண்ணு. குடு, லாரி நிக்குது."

அவள் சூப்பர்வைசர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மொதலாளி சொல்லட்டும்."

நாங்கள் கம்பெனிக்குத் திரும்பியபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். சூப்பர்வைசர் விஷயத்தைச் சொன்னார். லாரியைப் பார்த்தார், அவள் மடக்கிய கையைப் பார்த்தார், சரி என்றார். அப்போதும் அவள் கொடுக்கவில்லை. எல்லாரும் பார்க்க உள்ளே நடந்துபோய், தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கையைத் திறந்தாள்.