ஆறாவது தூணின் பித்தளை மூடி

எங்கள் கந்தோரில் வேலை செய்பவர்கள் போடும் தொழிலாளர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு இன்றும் வராது. எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளம் ஆட்களுக்காக, நான் மிகவும் பயந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

1. முதல் நாள்

வவுனியாவுக்கு வெளியே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்கள் இறங்கிய பழைய வெளிக்குப் பக்கத்தில் ஒரு நினைவுப் பூங்கா இருந்தது. எங்கள் பகுதிகளிலிருந்து யுத்தத்துக்குப் போனவர்களுக்காகக் கட்டியது. ஒரு ஏக்கர் புல், நடுவில் ஒரு கல், கல்லில் இருபத்தொரு பெயர்கள். புல்லு வெட்டவும், கல்லைக் கழுவவும், காவலுக்கு நிற்கவும் என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் வாசற் படலையடியில் தயங்கி நின்றேன். சுடலை என்று நினைத்திருந்தேன். எங்கள் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் சிவகுரு ஐயா சிரித்தார்.

"உள்ளுக்கு வாரும் தம்பையா. இஞ்ச ஒருத்தரையும் புதைக்கேல்லை. பேர் மட்டுந்தான் கிடக்கு. பேர் எழும்பி வந்து உம்மைக் கடிக்காது."

கல்லைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஆறு தூண்கள், அவற்றை இணைத்து ஒரு சங்கிலி. தூண்கள் என்றாலும் அவை தூண்கள் அல்ல. பழைய வெளியில் விட்டுப் போன வெறும் குண்டுக்கூடுகள். வால் பக்கத்தை மண்ணுக்குள் தாட்டு, மூக்கு மேலே தெரிய நட்டு, வெள்ளிப் பெயின்ற் பூசியிருந்தார்கள். ஐந்து கூடுகளின் உச்சியில் சீமெந்து பூசிய ஒரு வட்டம் இருக்கும். ஆறாவது, காட்டுப் பக்கம் பார்த்த மூலையில் நின்றது. அதன் உச்சியில் மட்டும் ஒரு பித்தளை மூடி இருந்தது.

2. மூலையில் வந்த சாமி

பூங்காவுக்குப் பின்னால் காடு. ஒருநாள் காலை சங்கிலிக்கு அருகில் ஆனை லத்தி கிடந்தது, இன்னும் ஆவி பறந்தது. இன்னொரு நாள் புல்லுக்குள் ஒரு புடையன் பாம்பு. பகல் முழுவதும் தனியே நிற்பவனுக்கு இரண்டும் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஒரு கட்டிக் கற்பூரம் கொண்டுபோய், மூலையில் நின்ற ஆறாவது தூணின் அடியில் கொளுத்தினேன். ஏன் அதற்கு என்றால், காட்டைப் பார்த்து நின்றது அதுதான். தலையில் கிரீடம் வைத்தது போலவும் இருந்தது. பித்தளை மங்கிக் கிடந்ததால் புளி போட்டுத் தேய்த்து மினுக்கினேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே வேலை.

அருகிலிருந்த குளத்துக்குக் கீழே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து வயல் எடுத்த குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் எங்கள் படலையைத் தாண்டித்தான் வயலுக்குப் போவார்கள். அவர்களில் மூத்தவர் பொன்னம்மா அக்கா. ஒருநாள் அவர் நின்று கேட்டார்.

"தம்பி, உதென்ன சாமி?"

எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"வைரவர்தான். பாத்தாலே தெரியுது," என்று அவரே முடிவு செய்தார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. மறுவாரம் விபூதி வந்தது. அதற்கடுத்த வாரம் குங்குமமும் செவ்வரத்தம் பூவும் வந்தன. பிறகு அதன் அடியில் ஒரு கருங்கல்லை வைத்துத் தேங்காய் உடைக்கத் தொடங்கினார்கள். இப்படி இரண்டு வருடம் போனது. ஓவசியர் ஐயா கண்டும் காணாதவர் போல இருந்தார். "உம்மட வைரவர் சம்பள உயர்வு தருவாரோ எண்டு கேளும்," என்பார்.

3. வந்தவர்

அந்த வருட மாரி கடுமையாகப் பெய்தது. மண் இளகி, ஆறாவது தூண் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அஞ்சலிக் கூட்டம். பெரிய ஆட்கள் வருவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு ஆட்களோடு வந்து, சம்மட்டியால் நாலு அடி அடித்து நிமிர்த்துவதாக ஓவசியர் ஐயா சொல்லியிருந்தார். அதே வெள்ளி மத்தியானம்தான் பொன்னம்மா அக்காவும் வருவதாக இருந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் பதினொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தார். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தீட்டும் கழிந்துவிட்டது.

அன்று காலை பத்து மணிபோல ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள் என்பது வெயில் தின்ற முகத்திலேயே தெரிந்தது. பெயர் அந்தோனிப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குள் நிற்கத் தனக்கு விருப்பமில்லை, அதனால் முன்கூட்டியே வந்ததாகச் சொன்னார். ஒட்டுசுட்டான் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அவரும் தம்பியும் ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். கல்லில் தம்பியின் பெயரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். நான் தள்ளி நின்றேன்.

பிறகு திரும்பியவர், மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மெதுவாகக் கிட்டப் போய், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பித்தளை மூடியைப் பார்த்தார்.

"தம்பி, இதை ஆர் மினுக்கிறது?"

"நான்தான் அண்ணை."

"எதாலை?"

"புளியாலை. வெள்ளிக்கு வெள்ளி."

"எத்தினை நாளா?"

"ரெண்டு வருசம்."

"மாதாவே," என்று நெஞ்சில் சிலுவை போட்டார். கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வந்தார். வந்து என் கையைப் பிடித்தார்.

"பாலைவனத்தில நாங்கள் பிளேனுக்கு இதுகளை ஏத்தி இறக்கினனாங்கள். இது மூடியில்லைத் தம்பி. வெடிக்க வைக்கிற சாமானே இதுதான். வெறுங்கூடெண்டா இதைக் கழட்டியிருப்பாங்கள். அங்க பாரும், மற்ற அஞ்சிலையும் இல்லை."

"உள்ளுக்கு வெடிமருந்து கிடக்குமோ அண்ணை?"

"கிடக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது."

இரண்டு வருடக் கற்பூரமும் தேங்காயும் என் கண்ணுக்குள் வந்தன. சம்மட்டி பற்றியும் தேங்காய் பற்றியும் அவரிடம் சொன்னேன். உடனே அவர் என் சைக்கிளைத் தரும்படியும், பொலிசுக்குப் போய்வருவதாகவும் சொன்னார்.

"நீங்கள் நில்லுங்கோ, நான் போறன்," என்றேன். உண்மையைச் சொன்னால், ஓடத்தான் பார்த்தேன்.

"உம்மைப் பாத்தா பொலிஸ் நம்புமோ? என்னட்டைப் பட்டாளத்துக் கடுதாசி கிடக்கு. அதோட, வேதக்காரன் நான் நிண்டு வைரவருக்குத் தேங்காய் உடையாதேங்கோ எண்டா, முதல்ல என்ர மண்டையைத்தான் உடைப்பினம். நீர் நில்லும். ஒரு குஞ்சையும் கிட்ட விடாதையும்."

அவர் போய்விட்டார்.

4. மத்தியானம்

முதலில் பெண்கள் வந்தார்கள். பத்துப் பேர், முன்னால் பொன்னம்மா அக்கா, பனையோலைக் கடகத்தில் தேங்காய்கள். நான் சங்கிலிக்கு முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, கிளித்தட்டு விளையாட்டோ, மறிக்கிறீர்? வழியை விடும்," என்றார் அவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இண்டைக்கு வேண்டாம் அக்கா" என்பது மட்டும் வெளியே வந்தது.

"ஏன் வேண்டாம்? பச்சை உடம்புக்காரியை வீட்டில விட்டிட்டு வந்து நிக்கிறன்."

அந்த நேரம் ஜீப் வந்தது. ஓவசியர் ஐயாவும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். ஒருவன் தோளில் சம்மட்டி.

"தள்ளும் தம்பையா. முதல் நாங்கள் வைரவரை நிமித்துறம், பிறகு இந்தப் பொம்பிளையள் உடைக்கட்டும்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஐயா, அது சாமியில்லை. நான்தான் சாமியாக்கினனான். அது வெடிக்காத குண்டு."

பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ரெண்டு வருசம் கும்பிட விட்டிட்டு இப்ப இவருக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றாள் ஒருத்தி. ஓவசியர் ஐயாவுக்கு அத்தனை பேர் முன்னால் கோபம் வந்துவிட்டது.

"குண்டெண்டு தெரியாமலோ நட்டனாங்கள்? வெறுங்கூடு காணும்! நானே நிண்டு நட்டனான்!" என்று ஆளின் தோளிலிருந்த சம்மட்டியைப் பறித்தார்.

சங்கிலியைத் தாண்டிப் போய், தூணுக்கு முன்னால் ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. தொடவில்லை. ஆனாலும் அதன் குளிர் முதுகில் ஏறியது. அந்த நிமிடத்தில் நான் கடவுளை நினைக்கவில்லை. புளி மணத்தைத்தான் நினைத்தேன்.

"ஐயா, மற்ற அஞ்சின்ர உச்சியையும் பாருங்கோ. பிறகு அடியுங்கோ."

அவர் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாய்க்குள் ஏதோ எண்ணினார்.

"ஓட்டையளை அடைச்சது நான்தான்," என்றார், யாருக்கென்றில்லாமல். "மழைத்தண்ணி போகாமல் சீமெந்தாலை அடைச்சனான். அஞ்சு. அஞ்சுதான் அடைச்சனான்."

பிறகு அவர் சம்மட்டியை நிலத்தில் வைத்தார். முட்டையை வைப்பது போல வைத்தார்.

"எல்லாரும் பின்னுக்குப் போங்கோ. மெதுவா. ஓடாதேங்கோ."

பொன்னம்மா அக்கா கடகத்தை இடுப்பில் வைத்தார். கோயிலில் மூலஸ்தானத்துக்கு முதுகு காட்டாமல் வருவது போல, முகம் மாறாமல் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனார். மற்றப் பெண்களும் அப்படியே போனார்கள். எனக்கு மட்டும் எழும்ப முடியவில்லை. ஓவசியர் ஐயாதான் சங்கிலிக்குள் வந்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் போனார். படலையடிக்கு வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

5. பள்ளம்

அந்தோனிப்பிள்ளை அண்ணை பொலிசோடு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் றோட்டுக்கு அப்பால், கயிறு கட்டி நடந்தது. கூட்டம் வேண்டாம் என்று முன்கூட்டி வந்த மனிதர், கடைசியில் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றார். கொண்டுவந்த பூவைக் கல்லில் வைக்க முடியாமல் வேலிக் கட்டையில் சொருகினார்.

செவ்வாய்க்கிழமை பட்டாளத்து ஆட்கள் அதை மண் மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். வெகு தூரம்தான். ஆனாலும் அங்கே அதை வெடிக்கவைத்தபோது என் காலடி நிலம் அசைந்தது. காட்டிலிருந்த காகங்கள் எல்லாம் மேலே எழும்பின. ஓவசியர் ஐயா என் பக்கத்தில் நின்றார். பையிலிருந்து ஒரு சுருட்டு எடுத்தார். நெருப்புப் பெட்டியைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளி நான் வேலைக்குப் போனபோது, ஆறாவது தூண் நின்ற பள்ளத்துக்குள் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பொன்னம்மா அக்கா. பதினொரு தேங்காயும் உடைத்தாகிவிட்டது.

"அக்கா, அது குண்டு. உங்களுக்கும் வெடிச்ச சத்தம் கேட்டதுதானே?"

"கேட்டது. குண்டு போயிட்டுது தம்பி," என்றார். "ஆனா ரெண்டு வருசம் அதை வெடிக்க விடாமல் வைச்சிருந்தது ஆர்?"

முன்பென்றால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன்.

நான் படித்த பாடம் இதுதான். அவர் முதல்முறை "உதென்ன சாமி" என்று கேட்ட நாளிலேயே இந்த மூன்று சொல்லையும் சொல்லியிருந்தால், இரண்டு வருடம் அத்தனை பேர் அதற்கு முன்னால் நின்றிருக்க மாட்டார்கள். வேலைத்தலத்தில் உங்களுக்குத் தெரியாத சாமான் ஒன்று கிடந்தால், கூச்சப்படாமல் தெரியாது என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

வீட்டில் குத்துவிளக்கை இப்போதும் மனைவிதான் மினுக்குவாள். அவள் புளியைக் கரைக்கத் தொடங்கியதும் நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன்.