மூடிய கிணற்றின் உச்சிப்பொழுது

நடந்தவற்றைச் சொல்லுமுன் என் நிலை என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சரவணம்பட்டியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவன். பேய், பிசாசு என்ற பேச்சை என் முன்னால் எவரும் எடுத்ததில்லை.

எங்கள் மனைகள் ஒரு காலத்தில் சோளக்காடு. அந்தத் தோட்டத்துக் கிணற்றைத் தூர்க்காமல், மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடி, காற்றுப் போக ஓர் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் செடிகள் வைத்துப் பூங்கா என்று பெயரிட்டிருந்தார்கள். முன்பு அதில் ஒரு பெண் விழுந்து இறந்தாள் என்பது அக்கம்பக்கத்தார் பேச்சு.

சென்ற கோடையில் அந்தக் குழாயிலிருந்து ஒரு குரல் வரத் தொடங்கியது. உச்சிப்பொழுதில் மட்டும் வரும். அழுகை என்று சொல்ல முடியாது. நீட்டி இழுத்த ஒரே ஓசை. பிறகு நின்றுவிடும். அந்நேரத்தில் தெருநாய்கள் பலகையைச் சுற்றி, அதை மிதிக்காமல், குரைக்காமல் நின்றன. நானே கண்டேன். 

சங்கத்தார் கூடினர். “தொறக்க வேண்டாமுங்க சார். அமாவாசைக்குப் பூசை போட்டுக் கொழாயையும் அடைச்சுப்போடலாமுங்க,” என்றார் எதிர்வீட்டு மளிகைக்காரர். பலர் தலையாட்டினர். குழாயை அடைத்தால், கீழே மூச்சு விடுவது எதுவாயினும் செத்துவிடும். பொறுக்கும்படி சொல்லிவிட்டு, சிங்காநல்லூர்ப் பக்கத்து விலங்கு நலத் தொண்டு அமைப்பை அழைத்தேன். முந்தைய ஆண்டு எங்கள் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, இடக்காது நுனியை வெட்டி அடையாளமிட்டு, இதே தெருவில் திரும்ப விட்டவர்கள் அவர்கள். அவற்றுள் ஒரு செவலை நாய் அண்மையில் காணாமல் போயிருந்தது. அவர்கள்தாம் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று தெருவே ஏசிக்கொண்டிருந்தது.

அமைப்பிலிருந்து வந்த பெண்மணி அந்த ஏச்சைக் காதில் வாங்கவில்லை. குழாயருகே மண்டியிட்டு ஒரு பிஸ்கட்டை உள்ளே போட்டார். சற்று நேரம் ஓசையே இல்லை. பின்பு ஆழத்திலிருந்து, தெளிவாக, கடிக்கும் சத்தம் வந்தது. நின்றவர்கள் பின்வாங்கினர்.

“ஏனுங்கண்ணா,” என்று மளிகைக்காரரிடம் திரும்பினார், “உங்க பேயி பிஸ்கட்டுத் திங்குதுங்க. டீயும் அனுப்பட்டுங்களா?”

“வெளையாடாதீங்க அம்மணி. தொறந்து ஏதாச்சும் ஆனா ஆருங்க பொறுப்பு?”

“நான் பொறுப்பு. தூக்குங்கள்,” என்றேன்.

பலகையை நகர்த்தி, எரியும் விளக்கொன்றை இறக்கி, அது அணையாததைக் கண்ட பின்பே அமைப்பின் ஆளைக் கயிற்றில் இறங்க விட்டேன். சேற்றுக்குச் சற்று மேலே, பழைய கற்படியில், எலும்பும் தோலுமாக அந்தச் செவலை நின்றது, இடக்காதில் வெட்டு. செடிகளுக்குள் மண் சரிந்திருந்த ஓட்டை வழியே விழுந்திருக்கிறது. உச்சியில் மட்டுமே குழாய் வழியாக வெயில் அதன்மேல் இறங்கியது. அப்போதுதான் கத்தியிருக்கிறது.

அமைப்பினர் அதைத் தேற்றிக் கொண்டுவந்து விட்டனர். பலகையைத் திரும்ப மூடி, ஓட்டையை அடைத்தோம். அது இப்போது குரைப்பதே இல்லை. உச்சிப்பொழுதானால் பலகைமேல் ஏறி, காதைக் கான்கிரீட்டில் பதித்துப் படுத்துக்கொள்கிறது, கூப்பிட்டாலும் எழுவதில்லை.

நான் தடுத்தும் அமைப்பினர் அத்துமீறித் திறந்தார்கள் என்றும், கீழே இன்னொன்று இருக்கிறது என்றும் தெருவில் சொல்கிறார்கள். திறக்கச் சொன்னவன் நான். கிணற்றில் இருந்தது ஒரு நாய், வேறெதுவும் இல்லை.