தொட்டிலில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

சுமலதா செல்போன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். செல்போன் மூடியில் மயிரளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நல்ல பீஸுக்குப் பச்சை ஸ்டிக்கர், சந்தேகமான பீஸுக்கு மஞ்சள். மஞ்சள் ஒட்டினால் அது ஹோல்டு. மேலே இருப்பவர் கையெழுத்துப் போடும்வரை யாரும் தொடக் கூடாது.

தலைப்பிரசவத்துக்கு, எல்லையோர ஊரான பேரிகையில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பிறந்து இருபத்தாறு நாள். பார்க்க வந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒன்றையே கேட்டார்கள்: பால் பத்துதா? எதிர்வீட்டு பார்வதி மட்டும் ஒன்றும் கேட்காமல் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள். சுமலதாவை ஆட்டிவைத்தது அதுதான். மூச்சு, நிறம், மூத்திரம், அழுகை என்று நோட்டில் கட்டம் போட்டு மணிக்கொரு தரம் எழுத ஆரம்பித்தாள். கண்ணை மூடினால் ஒரு கட்டம் விட்டுப்போகுமே என்று தூங்குவதையே விட்டாள்.

அன்று காலையில் குழந்தைக்கு விக்கல் வந்தது. விக்கலுக்குக் கட்டம் இல்லை. பையில் கிடந்த மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்துத் தொட்டிலில் ஒட்டிவிட்டாள்.

குளிப்பாட்ட வந்த அம்மா ஜோதியம்மாள் வெந்நீரோடு நின்றாள்.

"எடுக்காதம்மா. ஹோல்டுல இருக்குது."

"யாரு, குழந்தையா?"

வாரலீவுக்கு வந்திருந்த புருஷன் முனிராஜும் அதே கம்பெனிதான். "நான் வேணா கையெழுத்துப் போடட்டுமா?" என்றான்.

"நீங்க பேக்கிங். உங்களுக்குப் பவர் இல்ல."

வேறு வழியில்லாமல் நர்ஸ் ராஜாத்திக்குப் போன் போட்டார்கள். அவள் தராசோடு வந்து குழந்தையைத் துணித்தூளியில் இட்டு நிறுத்தாள்.

"பொறக்கும்போது ரெண்டே முக்கா. இப்போ மூணரை கிலோ. பாலு பத்தாமயா ஏறும்?"

"தராசு சரியா இருக்குதாக்கா?"

ராஜாத்தி கோபப்படவில்லை. ஒரு கிலோ பருப்புப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி நிறுத்துக் காட்டினாள். ஒரு கிலோதான். நோட்டில் கையெழுத்தும் போட்டாள்.

"நீ எப்பம்மா தூங்கினே?"

சுமலதா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அதற்கும் கட்டம் இல்லை.

ராஜாத்தி தொட்டிலில் இருந்த ஸ்டிக்கரை உரித்து அவள் தோளில் ஒட்டினாள். "பசிச்சா குழந்தையப் பக்கத்துல கொண்டாந்து விடுவாங்க. மத்தபடி நீ படு. மொதக் குழந்தைக்காரிங்க நெறைய பேருக்கு இந்தப் பயம் வரும். நாளைக்கு நானே வர்றேன். அப்பவும் தூக்கம் வரலைன்னா டாக்டரப் பாத்துரலாம்."

மத்தியானம் பார்வதி மறுபடி வந்தாள். ஜோதியம்மாள் வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள்.

"எழுப்பாத. ஹோல்டு."

உள்ளே முனிராஜ் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, நோட்டில் சுமலதா பேருக்குப் புதுசாக ஒரு வரிசை போட்டு, மூச்சுக் கட்டத்தில் 'குறட்டை' என்று எழுதிக்கொண்டிருந்தான்.