ஊசி போட்ட மூன்று குழந்தைகள்

தட்டம்மைத் தடுப்பூசியால் பெரிய பயன் இல்லை என்று நான் எழுதினேன். அது தப்புக் கணக்கு என்று தெரிந்தே எழுதினேன். அதை நம்பி ஒரு பெண் தன் குழந்தைக்கு ஊசி போடாமல் காத்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு காதும் கேட்காது.

இதற்கு மேல் சொல்லப் போனால் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் என்னைச் சுற்றி இருப்பவர்கள் எனக்காக ஒரு கதை தயார் செய்து வைத்திருக்கிறார்கள். "பாவம், மாமாவுக்குத் தெரியாம நடந்துபோச்சு." எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் மத்திய அரசில் புள்ளிவிவரம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். தெரியாது என்று என்னைப் பற்றிச் சொல்வது எனக்குக் கெட்ட வார்த்தை மாதிரி கேட்கிறது.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் கீழே உள்ள ஹாலில் ராதா கல்யாணம் நடத்துவோம். இரண்டு நாள் பஜனை, பாடிக்கொண்டே வீடு வீடாக அரிசி வாங்கும் உஞ்சவிருத்தி, குழந்தைகளின் கோலாட்டம், கடைசியில் கல்யாணச் சாப்பாடு. சொசைட்டிக்கும் நான்தான் செயலாளர், பஜனைக் கமிட்டிக்கும் நான்தான் செயலாளர். அந்த வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பாகவதரை அழைத்திருந்தேன். மூன்று வருடம் கெஞ்சிக் கிடைத்த தேதி.

அதற்குப் பத்து நாள் முன்னால் சொசைட்டியில் தட்டம்மை வந்தது. முதலில் ஒரு குழந்தை, பிறகு இன்னும் மூன்று. எங்கள் மூன்றாவது மாடியில் குழந்தைகள் மருத்துவர் ஒருத்தி இருக்கிறாள், தமிழ்ப் பெண், என் மகள் வயது. அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, டிஸ்பென்சரில பேசிட்டேன். அடுத்த சண்டே வந்து ஊசி போடறேங்கறா. நம்ம ஹாலைக் குடுத்துடுங்கோ."

"அடுத்த ஞாயித்துக்கிழமை ராதா கல்யாணம்மா."

"தெரியும். அதைத்தான் தள்ளி வைக்கச் சொல்றேன். அத்தனை குழந்தைகளை ஒரே ஹால்ல அடைச்சு வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"பாகவதர் டிக்கெட் போட்டாச்சு."

"அம்மை டிக்கெட் வாங்கிண்டு வராது மாமா."

என் மனைவி சமையலறையில் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்குள் வந்து, என்னையே கிண்டல் செய்து, என் விழாவை நிறுத்தச் சொல்கிறாள். மருத்துவர் போனதும் உட்கார்ந்து சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன்.

அலுவலகத்தில் கோப்பைக் கொல்ல நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். மறுக்க மாட்டோம். மறுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு சந்தேகம் கிளப்பி, விளக்கம் வரட்டும் என்று எழுதி அனுப்புவோம். விளக்கம் வருவதற்குள் காரியம் காலாவதியாகிவிடும். அதையே செய்தேன். "நம் சொசைட்டியில் நோய் வந்த நான்கு குழந்தைகளில் மூன்று பேர் ஏற்கெனவே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அதாவது முக்கால் பங்கு. எனவே ஊசியின் செயல்திறன் பற்றி உரிய விளக்கம் கிடைத்த பின் முகாமை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் பதற்றப்பட வேண்டாம்." கீழே என் பெயர், ஓய்வுபெற்ற பதவி, எல்லாம்.

அந்த முக்கால் பங்கில் இருந்த ஏமாற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சொசைட்டியில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஊசி போட்டவர்கள். போடாதவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தப் பெருங்கூட்டத்தில் மூன்று பேருக்கு லேசாக வந்தது. ஊசி போடாத இந்தக் கையளவுப் பேரில் ஒரு குழந்தைக்குக் கடுமையாக வந்தது. எந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்காமல் நோயாளிகளை மட்டும் எண்ணினால், ஊசிதான் நோயைக் கொண்டு வந்தது என்றுகூட நிரூபிக்கலாம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் வாரத்தில் நான் கற்றுக்கொடுத்த பாடம் இது. ஒருவன் இந்தத் தப்பைச் செய்தபோது எல்லோர் முன்னாலும் தாளை அவன் மேசையில் விட்டெறிந்திருக்கிறேன்.

என் மனைவி குறிப்பைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள்.

"மொத்தம் எத்தனைக்கு மூணுன்னு போடலியே?"

"அதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுமோல்லியோ?"

நான் குறிப்பை அனுப்பினேன். குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. "ஸார் சொன்னா கரெக்டா இருக்கும்." "ஃபேக்ட்ஸோட பேசறவர் நம்ம மாமா ஒருத்தர்தான்." மருத்துவர் நீளமாக, பொறுமையாக, சரியாக ஒரு பதில் எழுதினாள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. முகாம் தள்ளிப்போனது.

மறுநாள் லிஃப்டில் இரண்டாவது மாடிப் பெண்ணைப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரி. கணவன் மனைவி இருவருக்கும் நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, தாயின் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு இருந்தது.

"அங்கிள், உங்க மெசேஜ் பாத்தேனுங்க. பாப்பாவுக்கு அந்த ஊசி போடவே இல்லைங்க. போடற டயத்துல காய்ச்சல், அப்புறம் பெங்களூர்ல இருந்து மாறி வந்தோம், அப்படியே விட்டுப்போச்சு. நாளைக்கு லீவு போட்டுட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுங்களா?"

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் போனால் நாலு பேர் போவார்கள், நாலு பேர் போனால் பயம் கிளம்பும், பயம் கிளம்பினால் ஹால் காலியாகும். இவ்வளவும் ஒரு மாடி இறங்குவதற்குள் என் மண்டையில் ஓடியது.

"எதுக்கும்மா அவசரம்? விளக்கம் வரட்டும். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைச்சாச்சா? கோலாட்டத்துல நிக்க வை."

"அவளுக்குக் கோல் பிடிக்கவே தெரியாதுங்க அங்கிள்," என்று சிரித்தாள்.

ராதா கல்யாணம் மிகப் பிரமாதமாக நடந்தது. ஹால் நிறைந்து வெளியே ஷாமியானா போட்டோம். கோலாட்டத்தில் ஒரு பையன் கண் சிவந்து, மூக்கொழுகி, இருமிக்கொண்டே ஆடினான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மைக் செட்காரனிடம் பேசப் போனேன். இரண்டாவது மாடிக் குழந்தை பச்சைப் பாவாடையில் அவன் பக்கத்தில் நின்று, ஒற்றைக் கோலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாளில் அதற்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. வேப்பிலை போடுங்கள், அம்மா இறங்கிவிடுவாள் என்று சில பெண்கள் சொன்னார்களாம். அந்தப் பெண் அதையும் செய்தாள், மருத்துவரையும் அழைத்தாள். தடிப்பு மறையும் நேரத்தில் வலிப்பு வந்தது. மூளை வரை போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். உயிரோடு வீட்டுக்கு வந்ததும் சொசைட்டியில் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகுதான், கதவை எவ்வளவு பலமாக அறைந்தாலும் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை என்று தாய் கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் ஆளாக வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. "அன்னிக்கே போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் மாமா, யார் கண்டா?" அது உண்மைதான். ஊசி வேலை செய்யச் சில நாள் ஆகும். ஆயிரம் குழந்தைகளைப் பற்றிக் கேட்டால் என்ன வாய்ப்பு என்று சொல்வேன், இந்த ஒரு குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் போய் ஒளிந்துகொள்ள எனக்கு என்ன யோக்கியதை? சந்தேகத்தை விற்றவனே நான்தான். இன்னொருவர் தலையெழுத்து என்றார். யார் எழுதியது என்று கேட்டேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

குழுவில் உண்மையை எழுதினேன். கணக்குத் தப்பு, தெரிந்தே செய்தேன், முகாமை நிறுத்தியது விழாவுக்காக, எல்லோரும் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று. ஒரு மணி நேரத்தில் கமிட்டித் தலைவர் ஃபோன் செய்தார்.

"அதை டெலீட் பண்ணிடுங்கோ ஓய். பஜனைக்குக் கெட்ட பேரு. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?"

"போடட்டும்."

"நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கேள். கொஞ்ச நாள் பிள்ளையாத்துல போய் இருந்துட்டு வாங்கோ."

நான் அழிக்காததால் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். இரண்டு செயலாளர் பதவியையும் நானே விட்டேன். முதலில் எழுதிய பொய்க்கு ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. இரண்டாவதாக எழுதிய உண்மைக்கு, என் மனநிலை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். சில மாதம் கழித்து, டெல்லியின் இன்னொரு கோடியில் இருக்கும் ரோஹிணியிலிருந்து என் சொந்த மச்சினன் ஒரு செய்தி அனுப்பினான்: "படிச்சேளா அத்திம்பேர்? யாரோ பெரிய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆபீசர் எழுதியிருக்கார்." என்னுடைய முக்கால் பங்கு. பெயர் உதிர்ந்து, பதவி மட்டும் மிஞ்சி, டெல்லியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் இரண்டாவது மாடிக்குப் போனேன். அதுவரை போகத் துணிவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வேண்டாமுங்க அங்கிள். நீங்க மன்னிப்புக் கேட்டா, பதில் சொல்ற வேலை எனக்கு வந்துருது. எனக்கு ஏற்கெனவே நெறைய வேலை இருக்குதுங்க. தெரபி, ஆஸ்பத்திரி, ஆபீஸ்."

"நான் என்ன செய்யணும்மா?"

"என்னைக் கேக்கறீங்களா?" முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "லிஃப்டுல நான் உங்களைக் கேட்டேன். இப்ப நீங்க என்னைக் கேக்கறீங்க. அந்த மெசேஜ் எங்கெல்லாம் போச்சோ, அங்க போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட வராதீங்க."

அதைச் செய்ய ஆரம்பித்தேன். டெல்லியில் தமிழர் பஜனை நடக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். மெட்ரோ பிடித்துப் போவேன். பஜனை முடிந்து பிரசாதம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்பேன். பாதி இடங்களில் மைக்கைத் தரமாட்டார்கள். "மங்களமா முடிச்சிருக்கோம் ஸார், இப்பப் போய் இதெல்லாம் எதுக்கு?" தரும் இடங்களில் முதல் வரியிலிருந்து சொல்வேன், இங்கே எழுதியிருக்கும் அதே வரி. இதைச் சொல்லி முடித்துத் திரும்பும்போது மனம் லேசாகும் என்று யாராவது நினைத்தால், ஆகாது.

போன குளிர்காலத்தில் டெல்லி துவாரகாவில் ஒரு இளைஞர் எழுந்தார். விமான நிலையத்தில் வேலை, தோளில் ஒரு குழந்தை.

"ஊசி போட்டவங்களுக்கும் வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு ஸார் போடணும்?"

"டெல்லியில ஜுரம் வந்தவா முக்கால்வாசிப் பேர் ரொட்டி சாப்பிடறவாதான். அதனால ரொட்டிதான் ஜுரத்துக்குக் காரணமா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்குப் போட வேணாம்னு சொன்னவரும் நீங்க. இன்னிக்குப் போடுன்னு சொல்றவரும் நீங்க. உங்களை எதுக்கு ஸார் நம்பணும்?"

"நம்பாதீங்கோ. டாக்டர்கிட்டப் போய்க் கேளுங்கோ. நாளைக்கே கேளுங்கோ."

அச்சா, பார்க்கிறேன் என்றார். அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது.

இந்த ஏப்ரலில் இரண்டாவது மாடிக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. குழந்தையின் காதுக்குள் கருவி வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி தமிழிலேயே கிடைக்கும் இடம் அங்கே இருக்கிறதாம். லாரியில் சாமான் ஏற்றும்போது நான் கீழே நின்றிருந்தேன். கணவன் தலையசைத்தான். அவள் குழந்தையைக் காரில் உட்காரவைத்து பெல்ட் போட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இன்னும் போய்ச் சொல்லிட்டுத்தான் இருக்கீங்களாமா?"

"ஆமாம்மா."

"நிறுத்திராதீங்க," என்றாள். போய் முன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.