கதவில் முளைத்த கை

எங்கள் வீட்டுக் காருக்குப் பேய் பிடித்தது. பேய் என்று சொன்னால் பெரியப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்பதால், "அண்ணன் வந்திருக்கார்" என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. எந்தப் பெயரில் வந்தாலும் எனக்குப் பயம் ஒன்றுதான்.

கார் பெரியப்பாவுடையது. இரண்டே கதவு, எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியின் வண்டி. உடம்பு முழுக்க ஃபைபர். ஊரில் அதைப் பிளாஸ்டிக் கார் என்று கேலி செய்வார்கள். "துருவே பிடிக்காது, என் பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்பார் பெரியப்பா. பிள்ளையே இல்லாத மனிதர் பேரனைப் பற்றிப் பேசுவதை யாரும் திருத்தியதில்லை. ஹார்ன் மட்டும் வேலை செய்யாது. அதனால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டு, கதவைப் பட்பட்டென்று தட்டிக்கொண்டே ஓட்டுவார். வாத்துக் கூட்டம், மாடு, வைக்கோல் வண்டி எல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கும். வாய்க்கால் மதகில் அது கேட்டதும் பெரியம்மா உள்ளே தட்டை எடுத்து வைப்பார்.

ஒரு சம்பா அறுவடை முடிந்த வாரத்தில் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். கார் நெல் கொட்டகையில் சாக்கு மூட்டைகளோடு கிடந்தது. அடுத்த ஐப்பசியில், கூத்தாநல்லூரில் பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் அதைக் கேட்டார். கருநீலத்தில் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அப்பா சரி என்றார். பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "உங்க இஷ்டம் தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அவர் வாயிலிருந்து வேறு வாக்கியம் அதிகம் வந்ததில்லை. ஆனால் கார் போகிற செய்தி வந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அது எனக்கே தெரிந்தது.

தஞ்சாவூரிலிருந்து பெயின்டர் வந்து, பழைய நிறத்தைத் தேய்த்து எடுத்து, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு அடித்துக் காயவிட்டுப் போனார். மறுநாள் காலை நீலம் அடிப்பதாக ஏற்பாடு. அன்று மதியம் வீடே உண்ட மயக்கத்தில் இருந்தபோது, பெரியம்மா மூடிய கையோடு காரை மூன்று சுற்றுச் சுற்றுவதைக் கொல்லையிலிருந்து பார்த்தேன். நேராக வாய்க்காலுக்குப் போனார். திரும்பிக் கொட்டகைக்குள் நுழைந்தார். நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

"என்ன பெரியம்மா பண்ணுனீங்க?"

"உப்பு சுத்திப் போட்டேன்டி. போற இடத்துல வண்டி நல்லாருக்கணும்ல. அப்பாகிட்ட சொல்லாத."

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அப்பா பூசணிக்காய் உடைத்தார். பெரியப்பா போன பிறகு இம்மாதிரி வேளைகளில் பெரியம்மா, யாரும் சொல்லாமலே, உள்ளறைக்குப் போய்விடுவார். ஆகவே திருஷ்டி கழிப்பதையும் களவாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. நான் சொன்ன சொல் தவறாதவள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெயின்ட் பளபளவென்று வந்தது. அதோடு அடைமழையும் வந்தது. மழை விட்டதும் வந்து எடுத்துக்கொள்வதாகக் கூத்தாநல்லூர்க்காரர் சொல்லியிருந்தார். மழை விடவில்லை.

முதலில் பார்த்தது நான்தான். டிரைவர் பக்கக் கதவில், ஜன்னலுக்குக் கீழே, கடுகு கடுகாய்ச் சில கொப்புளங்கள். மறுநாள் அவை மிளகளவு ஆயின. அதற்கடுத்த நாள் காலையில் அங்கே ஒரு கை இருந்தது. உள்ளங்கை, ஐந்து விரல்கள், எல்லாம் நீலத் தோலுக்கு அடியிலிருந்து யாரோ வெளியே தள்ளுவது போல் புடைத்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் மற்றவற்றை விட்டு விலகி, கொக்கியாய் வளைந்திருந்தது.

தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மெத்தென்று அமுங்கி, விரலை எடுத்ததும் பழையபடி எழும்பியது. வீடு வரை கத்திக்கொண்டே ஓடினேன்.

அதைவிட மோசம், அது ஒரே மாதிரி இருக்கவில்லை. நடுவே ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது கை அடங்கி, வெறும் கோடாகிவிட்டது. "சரியாப் போச்சு" என்றார் அப்பா. சாயங்காலம் மழை பிடித்ததும் மீண்டும் புடைத்துக்கொண்டு வந்தது. மூச்சு விடுகிறது என்று அம்மா முணுமுணுத்தாள்.

தஞ்சாவூர் பெயின்டரைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் ஈயாடவில்லை. "தகரமா இருந்தா துருன்னு சொல்லிட்டுப் போயிடுவேன் சார். இது ஃபைபரு. ஃபைபர்ல ஏது துரு?" என்றார். மழையில் குடையைக்கூட மறந்துவிட்டுப் போனார். பிறகு ஆள் அனுப்பித்தான் வாங்கிக்கொண்டார்.

பூதலூரிலிருந்து அத்தை முதல் ரயிலில் வந்து இறங்கினார். கதவைப் பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் தட்டுற எடம்டா அது. அங்கதானே தட்டிக்கிட்டே வருவாரு. வண்டிய விக்காதங்கிறாரு" என்று அப்பாவிடம் அழுதார். சுண்டுவிரல் ஏன் கோணல் என்று நான் கேட்டேன். "போனவங்க கை அப்படித்தான் இருக்கும்" என்றார். போனவர்கள் கையை அதற்குமுன் எங்கே பார்த்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பெரியம்மா ஒரே ஒரு தடவைதான் கொட்டகைக்கு வந்தார். கதவையே பார்த்துக்கொண்டு நின்றவர், வலது கையை முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டார். அவருக்கும் பயம்போல என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமாக எங்களை உட்கார்த்தி வைத்துச் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பவர், அந்த வாரம் முழுக்கக் கரண்டியால் தட்டில் போட்டார். அதில் எனக்குப் பெருங்கோபம்.

அப்பா படித்தவர், பேயை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். யாரோ சொன்னதன் பேரில் நாகூரிலிருந்து ஒரு பாயை வரவழைத்தார். பாய்க்கு ஃபைபர் படகு பழுது பார்ப்பதுதான் முப்பது வருஷத் தொழில். "தெரியாதுங்கிற வார்த்தைய நான் சொன்னதே இல்ல" என்று வந்த உடனேயே சொன்னார். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

பாய் தாடையைத் தடவியபடி கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓர் ஊசியை எடுத்து நடுவிரல் நுனியைக் குத்தினார். ஒரு துளி நீர் வெளியே வந்து நின்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாய் அதை மோந்து பார்த்தார்.

"புளிச்ச வாடை இல்ல. ஃபைபருக்குள்ள தண்ணி எறங்கியிருந்தா காடி மாதிரி வாடை அடிக்கும்."

பிளேடால் மேல்தோலைச் சற்றே கிள்ளி எடுத்தார். "அடிப்பூச்சு கல்லு மாதிரி இருக்கு. மேல அடிச்சது மட்டும்தான் தூக்கிக்கிட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்னமோ மாட்டியிருக்கு." சொல்லிக்கொண்டே அந்தத் துளியை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

"அழுவுறாருடா!" என்று அத்தை அலறினார்.

பாய் அதைக் காதில் வாங்கவில்லை. "நீலம் அடிக்கிறதுக்கு முன்னால யாரோ உப்புக் கைய வெச்சிருக்காங்க. உப்பு சும்மா இருக்காது, ஈரத்த இழுக்கும். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வத்தும். அவ்வளவுதான் சமாச்சாரம். எடுத்துத் தேச்சு, நல்ல தண்ணியில கழுவி அடிச்சா ஒரு வாரத்துல வண்டிய அனுப்பிடலாம். தொட்டது யாருங்க?"

ஒவ்வொருவராகத் தொடவில்லை என்றார்கள். நானும் சொன்னேன். பெரியம்மா அடுப்படியில் இருந்தார்.

"அது எங்கண்ணன் கை வெக்கிற எடம் பாய்" என்றார் அப்பா, தயங்கித் தயங்கி.

பாய் சிரித்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வலது கையை வெளியே தொங்கவிட்டார். "பாருங்க. உக்காந்து தட்டுனா விரல் கீழ பாக்கும். இது மேல பாக்குது. வெளிய நின்னுக்கிட்டு வெச்ச கை இது."

பயத்தைப் போக்கத்தான் அவர் அதைச் சொன்னார். அத்தையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்ப வெளியதான் நிக்கிறாரா?"

எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். மழைக்கு நடுவே வாய்க்கால் கரை மட்டும் தெரிந்தது. எதுவுமே இல்லாத அந்த இடத்தைப் பார்த்துதான் என் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பயந்தேன்.

பாய் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெரியம்மா செம்போடு வந்தார். முந்தானையில் சுற்றிய கையால் செம்பை நீட்ட முடியாதல்லவா, வெளியே எடுத்துத்தான் நீட்டினார். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்ட சுண்டுவிரல் செம்பில் படாமல் விலகி நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கிற விரல்; எனக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பாய் செம்பை வாங்காமல் அதையே பார்த்தார். கதவைப் பார்த்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெரியம்மாவின் கண் நிரம்பியிருந்தது.

"இந்த வண்டி போறதுல உங்களுக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார்.

அத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெரியம்மா அப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பாய் தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார் அப்பாவிடம்.

"இப்பதானே உப்புன்னு..."

"அது நான் அவசரத்துல சொன்னது. என் தொழில்ல இதுக்குப் பதில் இல்ல. தேச்சு அடிச்சாலும் திரும்ப வரும். வண்டிய வீட்ட விட்டு அனுப்பாதீங்க."

அப்பா அன்று சாயங்காலமே கூத்தாநல்லூருக்குப் போன் செய்து, வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். பாயும் பயந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். முப்பது வருஷம் படகு பார்த்தவரே ஒரு கைக்குப் பயந்து தோற்றுப் போனாரே என்று அவர்மேல் எனக்கு ஏமாற்றம்கூட.

விளக்கு வைத்ததும் பெரியம்மா சட்டியோடு வந்து உட்கார்ந்தார். கரண்டி இல்லை. பல நாளைக்குப் பிறகு சோற்றைப் பிசைந்து, உருட்டி, நீட்டிய என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கொட்டகை இருட்டாக நின்றது.

"அந்தக் கை இங்க வராதுல்ல பெரியம்மா?"

"சாப்புடுடி" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த நிமிஷமும் வந்துவிடும் என்று கொட்டகைப் பக்கம் வைத்த கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி நீட்டி, வயிறு நிறைய வாங்கிச் சாப்பிட்டேன். சோறு வைத்த கையை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.