விழுந்தவளைத் தூக்கியவர்

கண்டரமாணிக்கத்தில் செம்மலையின் கைகளைப் பார்த்தவர்கள் கும்பிடாத குறைதான். முழங்கைவரை தோல் வெந்து சுருங்கிய கைகள். "பொண்டாட்டிக்காகத் தீயில கைய விட்ட மனுசன்யா" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கும்.

ஒரு காலத்தில் கார்த்திகைதோறும் கோயில் சொக்கப்பனைக்குத் தீ வைத்தவர் அவர்தான். நட்ட பனந்தண்டில் காய்ந்த ஓலையைச் சுற்றி, உச்சியில் தீ வைத்தால் ஆற அமர இறங்கி வரும். அடியில் வைத்தால் போச்சு! சூடு எப்போதும் மேலேதான் போகும். போகிற வழியில் ஓலையை எல்லாம் காய்ச்சி வைத்துவிடும். பின்னாலேயே தீ ஒரே மூச்சில் உச்சிக்குத் தாவும். இருபது வருஷம் கண்ணால் பார்த்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்து என்ன புண்ணியம்? ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையன்று, வாசல் விளக்கில் மனைவி அம்மாக்கண்ணுவின் சேலைக்கரை பற்றிக்கொண்டது. பயத்தில் அவள் தரையில் விழுந்தாள். தீ கணுக்கால் பக்கமே தயங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்த செம்மலை அவளை வாரியெடுத்து நிமிர்த்தி நிறுத்தினார். அவ்வளவுதான். காலில் இருந்த தீ கண் இமைப்பதற்குள் கூந்தலுக்குப் போய்விட்டது. வெறுங்கையால் அடித்து அணைத்தும் அவள் பிழைக்கவில்லை.

மகள் சினேகா அப்போது காரைக்குடி விடுதியில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் வெந்த கைகள்தான். உண்மை தெரிந்து அவள் வெறுத்துவிட்டால்? செம்மலை வாயே திறக்கவில்லை. ஆனால் எங்கே தீக்குச்சி கிழித்தாலும் "ஏங்க, தூக்காதீக" என்று அம்மாக்கண்ணு காதோரம் சொல்லுவாள். அன்றிலிருந்து கார்த்திகை வந்தால் விளக்குப் பக்கத்தில் ஒரு ஈரச்சாக்கைப் போட்டு வைப்பார்.

இந்தக் கார்த்திகைக்குச் சினேகா வந்திருந்தாள். கடைசி அகலை ஏற்றக் குனிந்தபோது அவள் சேலையிலும் பற்றியது.

"அப்பா!"

செம்மலை பாய்ந்து அவளைத் தரையில் தள்ளினார். எழப்போனவளின் தோளை அமுக்கினார்.

"தூக்கிவிடுங்கப்பா!"

"எந்திரிக்காத தாயி, படு!"

ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். தீ அடங்கியது. கணுக்காலில் ஒரு கொப்புளம், வேறொன்றுமில்லை.

அவள் காலை மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சினேகா கேட்டாள்: "தூக்காம அமுக்குனீகளே, எப்படிப்பா தெரிஞ்சுச்சு?"

சொக்கப்பனையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு விடவில்லை.

"ஒங்காத்தாளும் இப்படித்தான் படுத்துக் கெடந்தா. நாந்தான் தூக்கி நிறுத்துனேன்."

சினேகா அவர் மடியிலிருந்து காலை மெல்ல எடுத்துக்கொண்டாள்.