எட்டடிக் குட்டை

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் ஜேசிபி என்றால் வெள்ளைச்சாமிதான். பத்தொன்பது வருடமாக மண் வெட்டுகிறவர். அவர் வெட்டினால் கரை நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். வேறொருவர் வெட்டிய வாய்க்காலைப் பார்த்தால், கோழி கிளறினது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவருடைய சொந்த வயலின் மூலையில் ஒரு பள்ளம் இருந்தது. ஐப்பசி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும், மாசி வரை வற்றாது. கோரையும் தவளையுமாகக் கிடக்கும். மழை ஏமாற்றும் நாட்களில் அவர் மனைவி சுகுணா அதிலிருந்து குடத்தில் மொண்டுதான் நாற்றங்காலைக் காப்பாற்றுவாள்.

போன தையில், சின்னச் சின்ன நீர்நிலைகளைக் கணக்கெடுக்கிறோம் என்று ஷர்லி என்ற பெண் வந்தாள். பள்ளத்தைச் சுற்றி நடந்து போட்டோ எடுத்தாள், எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். வெள்ளைச்சாமிக்குக் கூச்சமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் குட்டை வெட்டுகிறவர் வயலில் இந்தச் சகதியா போட்டோவில் விழ வேண்டும்? சித்திரையில் வண்டியை இறக்கி, எட்டடி ஆழத்துக்குச் சதுரமாக வெட்டினார். அள்ளிய கறுப்பு மண்ணை ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் வயலுக்கு அடித்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் குட்டை நிரம்பியது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அடியில் சேறு மட்டும் இருந்தது.

வெள்ளைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்டு வளையாக இருக்கும் என்று கரையெல்லாம் மிதித்தார். பக்கத்து வயல் போர்வெல் இழுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அந்த வயல்காரரோடு இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மழைக்குக் குச்சி நட்டு அளவு பார்த்தார். குச்சி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. முழங்கால் பள்ளத்தில் நாலு மாதம் கிடந்த தண்ணீர் எட்டடிப் பள்ளத்தில் நாலு நாள் கிடக்காதா? எப்படிப் போட்டாலும் அந்தக் கணக்கு உதைத்தது. இதற்குள் நாற்று மஞ்சளடித்துவிட்டது. சுகுணா தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தாள். நாலு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கார்த்திகையில் ஷர்லி மறுபடி வந்தாள். குட்டைக்குள் இறங்கி, பக்கச் சுவரைக் குச்சியால் சுரண்டினாள். மேலே நாலு சாண் கறுப்புக் களிமண். அதற்குக் கீழே அடிவரைக்கும் செஞ்சரளை.

“அண்ணே, இந்தக் களிதான் தண்ணியத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதை அள்ளிட்டீங்க. கீழ வெறும் சரளை, எவ்வளவு பேஞ்சாலும் குடிச்சிரும்.”

“ஆழமா வெட்டுனா கூட நிக்குமுன்னுல்ல வெட்டுனேன்?”

“களி ஆழமா உள்ள எடத்துல நிக்குமுங்க. இங்க நிக்காது.”

களியைத் திரும்பக் கொட்டி மிதித்தால் ஓரளவு சரியாகும் என்று அவள் சொன்னது அவர் காதில் பாதிதான் ஏறியது. கடந்த இரண்டு கோடையில் மற்றவர்கள் வயலிலும் இதே மாதிரி பதினொரு பள்ளம் வெட்டியிருந்தார். சரளை வருவதைக் கண்ணால் பார்த்தவர்தான், நல்ல கெட்டித் தரை என்று சந்தோஷப்பட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் கீரனூர்ப் பக்கம் திருமுருகன் வயலுக்குப் போனார். அவர் வெட்டிக்கொடுத்த முதல் குட்டை அது. உள்ளே ஈரம்கூட இல்லை. திருமுருகன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான்.

“ஒங்க வெட்டுல ஒரு கொறையும் இல்லண்ணே. எங்க நெலத்துக்குத்தான் ராசியில்ல. இன்னும் நாலடி எறக்கிட்டா நின்னுரும், நீங்கதான் வந்து செஞ்சு தரணும்.”

டீ கிளாஸ் கையைச் சுட்டது. ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினால் பத்தொன்பது வருடப் பெயர் பிழைத்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அந்தப் பொய்க்கும் அவர் மனம் தயாராகத்தான் இருந்தது.

“நெலத்துல ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார். “கொறை எங்கிட்டதான்.”

பெரியவர் தன்மையாகச் சொல்கிறார் என்று நினைத்துத் திருமுருகன் சிரித்தான். தையில் வண்டி கிடைக்குமா, இல்லை சித்திரை வரை பொறுக்க வேண்டுமா என்று கேட்டான்.